நாலு ஊரை ஒப்பிட்ட கட்டுரை

நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள் அந்தப் பெண். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. ஈசிஆர் கடற்கரைச் சாலையில் பஸ் வேகம் குறைந்ததும் அட்டையைக் கழற்றினாள். நாடாவை அதன்மேல் இரண்டு சுற்று சுற்றிக் கைப்பையின் உள்பக்க ஜிப்பில் வைத்து மூடினாள். அதன் பிறகுதான் இருக்கையை விட்டு எழுந்தாள்.

நானும் அதே நிறுத்தத்தில் இறங்கினேன். காலை எட்டரை இருக்கும். சாலையில் மீன் வண்டி ஒன்று தண்ணீர் ஒழுகவிட்டுக்கொண்டு போயிருந்தது. ஈரக்கோடு புதுச்சேரிப் பக்கம் நீண்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஈரக்கோட்டைத் தாண்டி அவள் இலங்கைத் தமிழர் முகாமுக்குள் போனாள். நான் பின்னால் போனேன்.

முகாமின் வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். மேசைமேல் தடித்த பதிவேடு. தாள் பறக்காமலிருக்க அதன்மேல் தண்ணீர் பாட்டில். எதிரே நீண்ட வரிசை. ஆண்களில் பாதிப்பேர் விரல் நகங்களில் பெயிண்ட் இருந்தது. அன்று செக்கிங்.

மாதம் ஒருநாள் இப்படி நடக்கும். முகாமில் பதிவாகியிருக்கும் பெரியவர்கள் நேரில் வந்து, பெயர் கூப்பிட்டதும் முகம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். கோயம்புத்தூரில் சுவருக்கு வெள்ளையடிப்பவரும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வருவார். வராதவர் பெயருக்கு எதிரே ஒரு கேள்வி விழும். அந்தக் கேள்வி யாருக்கும் பிடிக்காது.

பஸ்ஸில் வந்த பெண்ணும் வரிசையில் நின்றாள். கையெழுத்துப் போட்டாள். அவள் பெயர் நிரோஜினி.

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்கள் செய்த தவறுகளைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். இந்த வாரம் என்னுடையது.

கட்டம் போட்டு எழுது

நான் அப்போது ஒரு நாளிதழில் வேலை செய்தேன். ஆசிரியருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெரிய கட்டுரை தேவைப்பட்டது.

"ஒரே ரோடு, ஒரே கடலு, ஒரே மழை" என்றார். "ஒரு ஊரு மேல போவுது, இன்னொன்னு கெடந்த எடத்துலயே கெடக்குது. ஏன்? பொலம்பல் வேணாம்பா. கட்டம் போட்டு எழுது."

கட்டம் போட்டேன். நாலு கட்டம். மரக்காணம் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று. கூனிமேட்டு முஸ்லிம் குடும்பங்கள் இரண்டு. இலங்கைத் தமிழர் முகாம் மூன்று. ஒடிசாவிலிருந்து இறால் குட்டைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் நாலு. நாலு பேரிடமும் ஒரே கேள்விகள். வீடு எப்படி, ஆண் எங்கே வேலை, பெண்ணுக்கு எந்த வயதில் கல்யாணம், உங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது யார்.

ஆசிரியர் தாளைப் பார்த்தார். "உங்க ஆளுங்க எங்கப்பா?"

நான் கிளியனூர்ப் பக்கத்துக்காரன். கொஞ்சம் நிலம் உள்ள விவசாயக் குடும்பம். உறவில் இரண்டு பேருக்கு உப்பளத்தில் பங்கு உண்டு. அளக்கிறவன் தன்னை அளவுக்குள் சேர்த்துக்கொள்வதில்லை என்பது எனக்கு அன்றுவரை தோன்றவில்லை. அஞ்சாவது கட்டம் போட இடமில்லை என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அஞ்சலை சொன்னது

உப்பளத்தில் பதினொரு மணிக்குமேல் நின்று பேச முடியாது. கீழேயிருந்தும் வெயில் அடிக்கும். அஞ்சலை நாற்பதைத் தாண்டியவர், கூடையில் உப்பு சுமப்பவர். குவியலின் நிழலில் உட்கார்ந்து பேசினோம். காலில் சாக்குத்துணி சுற்றியிருந்தார்.

"எங்களுக்கு வேலை வருஷத்துல ஏழு மாசம். மழ வந்தா பாத்தி கரைஞ்சிடும். அப்புறம் நாங்களும் கரைஞ்சிடுவோம்."

முதலில் கல்லூரிக்குப் போனது யார் என்றேன்.

"என் பொண்ணுதான். திண்டிவனம் காலேஜு. ரெண்டாவது வருஷம் நிறுத்திட்டோம்."

"ஏன்?"

"மாப்ள வந்துது."

பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இன்னொரு பெண் பாட்டிலை இறக்கினார். "மாப்ள என்னா மாப்ள? பஸ்ஸுல எவனோ பேசினான்னு நிறுத்தின. சாருகிட்ட சரியா சொல்லு, பேப்பர்ல போடறாரு."

"நீ சும்மா கெடடி. உன் பொண்ணு எட்டாவதே தாண்டல."

இருவரும் சிரித்தார்கள். நான் குறிப்பேட்டில் 'கல்லூரி, பாதியில்' என்று எழுதினேன்.

கிளம்பும்போது அஞ்சலை சொன்னார்: "கேம்ப்புக்காரங்க புள்ளைங்களப் பாருங்க சார், எல்லாம் டிப்டாப்பா பைய மாட்டிகினு போவுதுங்க. அவங்களுக்கு மாசமானா கவர்மெண்டு குடுக்குது. எங்களுக்கு யாரு குடுக்கறா?"

வீடியோ காலில் இருப்பவர்கள்

கூனிமேட்டில் ரஹீம் பாய் ஒரு சின்ன டிராவல்ஸ் வைத்திருந்தார். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு விசா விண்ணப்பம், டிக்கெட், மருத்துவச் சோதனைக்கு நேரம் வாங்குவது எல்லாம் அவர் வேலை. அவருடைய பாட்டனார் பினாங்கில் கடை வைத்திருந்தவர். தந்தை சவுதியில் டிரைவர். இவர் மட்டும் எங்கும் போகாமல் போகிறவர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்.

"நாலு பேரைப் பாக்கறேன்னு சொன்னீங்களே, எங்களுக்கு எத்தனையாவது ரேங்க்?" என்றார் முதல் வேலையாக.

"ரேங்க் இல்ல பாய்."

"எப்படி இல்லாம போவும்? எங்க வீட்டப் பாத்து பங்களான்னு எழுதுவீங்க. அவன் அங்க ஒரு ரூம்புல எட்டு பேரோட படுத்துகினு கெடப்பான். இங்க உள்ள யாரு இருக்காங்க? பொம்பளைங்க, புள்ளைங்க. ஆம்பள வீடியோ காலுல இருக்கான்."

கல்லூரிக் கேள்விக்கு அவர் பதிலை அப்படியே அச்சிட்டோம். "பசங்க பாஸ்போர்ட் எடுக்கறானுங்க. பொண்ணுங்க டிகிரி எடுக்குதுங்க. நிக்காஹ்னு வந்தா ரெண்டும் ஒத்துவரல. அதுக்கும் துவா செய்யுங்க."

அங்கிருந்த ஒரு வீட்டின் தரை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. விலையுயர்ந்த கல். அதில் ஒரு சின்னக் குழந்தை வெறுங்காலுடன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வேறு சத்தம் இல்லாத வீடு.

டிகிரியும் பட்டியும்

ஒடிசாக்காரர்களைப் பற்றிச் சுருக்கமாகத்தான் எழுத முடிந்தது. அவர்கள் குட்டைக் கரையில் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். என் கேள்விகளில் பாதி அவர்களுக்குப் பொருந்தவில்லை. வீடு எப்படி என்றால் எந்த வீடு என்று கேட்டார்கள். பிகாஷ் என்றொருவர் பி.ஏ. முடித்தவர். முதலாளியிடம் எட்டாவது என்று சொல்லியிருந்தார்.

"டிகிரி சொன்னா வேலை இல்ல. படிச்ச ஆளு ஓடிடும் நெனப்பு" என்றார். இரண்டு வருடத்தில் அவர் கற்ற தமிழ் அது.

முகாமில் நான் அதிகம் பேசியது யோகராசாவோடு. நிரோஜினியின் தகப்பனார். பதினெட்டு வயதில் படகில் வந்தவர். அப்போதிலிருந்து பெயிண்டர். முகாமில் வரிசைக்கு வரிசை பட்டதாரிகள் இருந்தார்கள். ஏன் இப்படிப் படிக்க வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்களுக்குக் காணி வாங்க ஏலாது. கடலுக்குப் போக ஏலாது. எப்பவும் ஒருநாள் திரும்பிப் போவம் எண்டுதான் இருந்தம். போகேக்க எதைத் தூக்கிக்கொண்டு போறது? படிப்பெண்டால் சுமையில்லை."

மூத்த மகன் சிவில் என்ஜினியரிங். தகப்பனாரோடு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

"அவன் சுவரைப் பார்த்த உடனே விரிசல் ஏன் வந்தது எண்டு சொல்லுவான்" என்றார் யோகராசா. "பிறகு அதுக்கு மேல பட்டி பூசுவான்."

என் அட்டவணையில் மூன்றாவது கட்டம்தான் விசித்திரமாக இருந்தது. படிப்பில் முதலிடம், கல்யாண வயதில் முதலிடம், குடியும் சண்டையும் சொல்லும்படி இல்லை. ஆனால் அந்தப் படிப்பு போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாலும் பெயிண்டர் ஏணியின் மேல் படி. உப்பளத்தில் வேலை ஏழு மாதம், ஆனால் ஓட்டு உண்டு, பட்டா கேட்டு நடக்க ஒரு அலுவலகம் உண்டு. கூனிமேட்டில் நல்ல தரை உண்டு, அதில் நடக்கும் ஆண் இல்லை. ஒருவர் மற்றவரைப் பார்த்து அவர்களுக்குத்தான் கிடைக்கிறது என்று சொன்னார்கள். நாலு ஊரிலும் ஒரே பதில் வந்தது அதற்கு மட்டும்தான்.

உழைப்பில் வித்தியாசம் எதையும் நான் காணவில்லை. எந்தத் தாள் யார் கையில் இருந்தது என்பதில் கண்டேன். இதை எழுதிவிட்டுக் கட்டுரை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கட்டம் கேட்டேன், குடுத்துட்ட. படிக்கறவன் நிக்க ஒரு ஆளு வேணும்பா. ஒரே ஒரு ஆளு."

அய்யனார் கோயில் வேண்டுதல்

எனக்கு அந்த அடையாள அட்டை நினைவுக்கு வந்தது.

நிரோஜினி முகாமில் பிறந்தவள். எலெக்ட்ரானிக்ஸ் படித்திருந்தாள். முதல் இரண்டு இன்டர்வியூவில் முகாம் என்று சொன்னாள். தகவல் அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை. மூன்றாவது இடத்தில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், முகவரியாக ஊர்ப் பெயரையும் தபால் நிலையத்தையும் எழுதினாள். எழுதியதில் பொய் கிடையாது. முகாம் என்ற ஒரு சொல்லை விட்டிருந்தாள். வேலை கிடைத்தது. முதலில் ஒரு வருட ஒப்பந்தம், பிறகு நிரந்தரம் என்று பேச்சு. ஹாஸ்டலில் தங்கியிருந்தாள்.

சிக்கல் செக்கிங். எந்தத் தேதி என்று முன்கூட்டித் தெரியாது. மாதாமாதம் திடீரென்று ஒருநாள் லீவு எப்படிக் கேட்பது?

"ஊர்ல அய்யனார் கோயிலுக்கு ஒரு வேண்டுதல், மாசம் ஒருதடவ வரணும்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன் சார்" என்றாள். அப்பாவிடம் இலங்கைத் தமிழும் என்னிடம் எங்கள் ஊர்த் தமிழும் பேசினாள்.

மேடம் என்றது டீம் லீடர் கீதாவை. நல்ல மனுஷி. லீவு கொடுத்ததோடு, என் பையனுக்கும் வேண்டிக்கோ, வீசிங் விடமாட்டேங்குது என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து நிரோஜினி ஒவ்வொரு செக்கிங்குக்குப் பிறகும் உண்மையாகவே கோயிலுக்குப் போனாள். திருநீறு வாங்கித் தினக்காலண்டர் தாளில் மடித்துக் கொண்டுபோனாள். கீதா அதை மகன் நெற்றியில் பூசினார். பையனுக்குக் கொஞ்சம் தேவலை என்றும் சொன்னார்.

"பொய் சொல்லிட்டு வெறுங்கையோட போனா மனசு கேக்காது சார்."

யோகராசா என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, பிள்ளையிட பேர் போடாதேங்கோ. இன்னும் மூண்டு மாசத்தில நிரந்தரம் ஆக்குவினம்."

"பேர் வராது. கம்பெனி இருக்கற ஊரும் வராது."

"முகாம் எண்டு தெரிஞ்சால் நிப்பாட்டிப் போடுவினம்."

"தெரியாதுங்க. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். பெயரை மாற்றினேன். கம்பெனியை 'ஒரு தொழிற்சாலை' ஆக்கினேன். எலெக்ட்ரானிக்ஸ் என்பதை 'பொறியியல்' ஆக்கினேன். பத்திரிகை சொல்லிக்கொடுத்த மறைப்பு முறைகள் இவைதான். வழக்கு வந்தால் நிற்கும்.

மீதியைச் சரிபார்த்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெயர் உண்டு. என் செய்திக்கு மறுநாள் திருத்தம் வந்ததில்லை. எழுதும்போது அவளுக்குப் போன் செய்தேன்.

"பொட்டலம் எதுல மடிப்பீங்க, நியூஸ் பேப்பரா?"

"காலண்டர் தாளு சார். அன்னைக்குக் கிழிச்சது."

மறுபடி கூப்பிட்டேன். "ரெண்டு பஸ்ஸா, மூணா?"

"ரெண்டு. திண்டிவனத்துல மாறணும்."

மூன்றாவது முறை, பையன் நெற்றியில் யார் பூசுவது, அம்மாவா, அவனேவா என்று கேட்டேன். அம்மா என்றாள். அவள் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. லைன் சரியில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு

கட்டுரை முழுப்பக்கம் வந்தது. தலைப்பு, யார் முன்னேறினார்கள் என்பது. அட்டவணை கீழே போய்விட்டது. மேலே கொட்டை எழுத்தில் ஆசிரியர் எடுத்துப்போட்டது காலண்டர் தாளையும் திருநீறையும். நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் உயிரோடிருந்த இடம் அதுதான்.

நிறையப் போன் வந்தது. ரஹீம் பாய் கூப்பிட்டு, வீடியோ கால் வரியைப் படித்துவிட்டு வளைகுடாவிலிருந்து மூன்று பேர் மனைவிமாரைப் பார்க்க வர டிக்கெட் கேட்டதாகச் சொன்னார். பாதி விளையாட்டு. அஞ்சலை தன் பெயரைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வந்ததாகவே எழுதியிருக்கக் கூடாதா என்று ஆள் சொல்லி அனுப்பினார்.

முகாமிலிருந்து யாரும் பேசவில்லை. நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன். புகார் வராத செய்தி எங்கள் தொழிலில் நல்ல செய்தி.

மூன்று மாதம் கழித்து வேறு ஏதோ விஷயமாக யோகராசாவைக் கூப்பிட்டேன். கடைசியில் சொன்னார்: "பிள்ளை வேலையை விட்டிட்டு வந்திட்டாள். உங்களுக்குச் சொல்லேல்ல என்ன?" குரலில் கோபம் இல்லை. என்ன நடந்தது என்று கேட்டேன்.

அந்தப் பக்கத்தின் படம் வாட்ஸாப்பில் சுற்றி, உறவுக்காரர் ஒருவர் மூலம் கீதாவுக்குப் போயிருக்கிறது. திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் கீதா போனை நீட்டி, "இது நீயா?" என்று கேட்டிருக்கிறார். நிரோஜினி ஆமாம் என்றிருக்கிறாள். கீதா யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து மேசையில் ஆட்கள் இருந்தார்கள். வாரக் கடைசியில் பணியாளர் பிரிவிலிருந்து பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். முகாமில் பிறந்தவளுக்குப் பாஸ்போர்ட் ஏது? வேறு நாட்டில் பயிற்சிக்கு அனுப்ப வேண்டிவரும், நிரந்தரமாக்க அது கட்டாயம் என்றார்கள். ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. கடிதத்தில் முகாம் என்ற சொல் எங்கும் இல்லை. அவர்களும் அதை விட்டிருந்தார்கள்.

ரஹீம் பாய் கடையில்

அதன்பிறகு அவளை நான் பார்த்தது கூனிமேட்டில். ரஹீம் பாய் கடைக்குப் பெயிண்ட் அடித்தது யோகராசா. பேச்சு வாக்கில் மகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் தேவைப்பட்டதால் பாய் கூப்பிட்டுக்கொண்டார்.

நான் போனபோது கடையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். புதுச் சுவரின் டிஸ்டெம்பர் வாசனை போகவில்லை. நிரோஜினி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவருடைய விண்ணப்பத்தைத் திரையில் நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அடுக்கி வைத்த பாஸ்போர்ட்டுகள். ஒவ்வொன்றையும் பிரித்துக் காலாவதித் தேதியைப் பார்த்து மூடினாள்.

"வாங்க சார்" என்றாள். "உக்காருங்க. இவர முடிச்சிடறேன்."

அவர் உப்பளக் குடியிருப்பிலிருந்து வந்த இளைஞர். துபாயில் கட்டட வேலைக்குப் போகிறார்.

"தாய் பேரு பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி இருக்குது. மாத்திட்டு வாங்க" என்றாள் அவரிடம்.

"மாத்தலன்னா விடமாட்டாங்களா மேடம்?"

"ஏர்போர்ட்ல நிக்கவெச்சா அங்கேருந்து திரும்பி வரணும். உங்களுக்கு மாத்தறதுக்கு ஆபீஸ் இருக்குது இல்ல, போயிட்டு வந்துடுங்க."

அவர் போனதும் ரஹீம் பாய் உள்ளேயிருந்து டீ சொல்லிவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினார். போகும்போது என்னிடம், "பொண்ணு சூப்பர் சார். ஒரு பேப்பர் ரிட்டர்ன் வந்ததில்ல. மாஷா அல்லா" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எழுதியே பழகிய எனக்குப் பேச்சில் அது சரியாக வரவில்லை. அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டாள்.

வந்ததிலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "கீதா மேடம் கேட்டப்போ இல்லன்னு சொல்லியிருக்கலாமே? பேர் இல்ல, கம்பெனி இல்ல. வேற யாரோன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க இல்ல?"

அவள் கையிலிருந்த பாஸ்போர்ட்டை மூடி ரப்பர் பேண்ட் போட்டாள்.

"அப்படித்தான் சார் நெனச்சேன். ஞாயித்துக்கெழமயே படிச்சிட்டேன். திங்கக்கெழம பஸ்ஸுல போறப்ப திரும்பத் திரும்பப் படிச்சேன். ஏதாவது ஒன்னு மாறியிருக்கும், மேடம் கேட்டா அதக் காட்டி, பாருங்க, இது நான் இல்லன்னு சொல்லிடலாம்னு." பாஸ்போர்ட்டை அடுக்கின்மேல் வைத்தாள். "காலண்டர் தாளு. ரெண்டு பஸ்ஸு. பையனுக்கு அம்மாதான் பூசிவிடுவாங்கன்றது. நீங்க ஒன்னுகூடத் தப்பா எழுதல சார்."